ஆழித்தேரை நிறுத்தும் கட்டை

பங்குனித் தேரோட்டத்துக்குத் திருவாரூர் போகிறவர்கள் அண்ணாந்து பார்த்தபடிதான் நிற்பார்கள். அலங்காரம் முடிந்த ஆழித்தேரின் உயரம் 96 அடி, எடை சுமார் 300 டன். பார்க்காமல் இருக்க முடியுமா? ஆனால் மாட்டுவண்டி ஓட்டிப் பழகியவர்கள் கொஞ்சம் குனிந்து சக்கரத்தையும் பாருங்கள்.

முழுக்க இரும்புச் சக்கரங்கள். திருச்சி பெல் நிறுவனம் அமைத்துக் கொடுத்த ஹைட்ராலிக் பிரேக்கும் உண்டு. முன்னால் ஆயிரக்கணக்கானோர் வடம் பிடிக்க, பின்னால் புல்டோசர் தள்ளும். நகர்த்துவதுதான் பெரும்பாடு என்று நினைப்போம். உருண்ட பிறகு அடக்குவது அதைவிடப் பெரும்பாடு.

அங்கேதான் முட்டுக்கட்டைக்காரர்களின் வேலை. ஆப்பு போலச் சரிவாகச் செதுக்கிய கட்டையைச் சக்கரத்துக்கு முன்னால் போடுகிறார்கள். சக்கரம் அதன்மேல் ஏறப் பார்த்து வேகம் குறைகிறது. இடப்பக்கம் மட்டும் போட்டால் அந்தப் பக்கம் தயங்கும், வலப்பக்கம் முந்தும். தேர் இடப்புறம் ஒடியும். தேருக்கு ஸ்டியரிங் இந்தக் கட்டைதான்! கை ஒரு நொடி பிந்தினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. வடம் பிடிப்பவர்களைவிட இவர்களுக்குத்தான் முதல் மரியாதை தர வேண்டும் என்பேன்.

வீதி முனையில் கட்டை மட்டும் போதாது. தேரின் அச்சு திரும்பாது. அதனால் சக்கரத்தின் அடியில் இரும்புத் தகடு விரித்து, கிரீஸ் தடவி, வழுக்க வைத்துத் திருப்புகிறார்கள்.

கோயிலுக்கு வெளியே மனுநீதிச் சோழன் கல்தேரையும் பார்த்துவிட்டு வாருங்கள். தேர்க்காலில் கன்று சிக்கிய கதை நடந்ததாகச் சொல்லப்படும் ஊர் இதுதான்.

சக்கரத்தில் சிக்குவது கதையோடு முடிந்துவிடவில்லை. நம் ஊர் டிராக்டர் டிரெய்லர்கள் பலவற்றில் பிரேக்கே கிடையாது. நெல் மூட்டை ஏற்றிய டிரெய்லரைச் சரிவில் கழற்றி விட்டுவிட்டு, கைக்குக் கிடைத்த உருண்டைக் கல்லை முட்டுக் கொடுக்கிறோம். கல் உருளும், நழுவும். சரிவாகச் செதுக்கிய இரண்டு மரக்கட்டைகளை டிரெய்லரிலேயே கயிறு கட்டி வையுங்கள். இறக்கம் எந்தப் பக்கமோ, அந்தப் பக்கம் இரு சக்கரத்துக்கும் இறுக்கிக் கொடுத்த பிறகே கொக்கியைக் கழற்றுங்கள். அந்த நேரம் பிள்ளைகள் டிரெய்லருக்குப் பின்னால் நிற்கக் கூடாது.