கட்டமும் ஓரமும்

விளையாட்டுப் பித்து என்ற சொல் காதில் விழுந்தவுடன் வீட்டுப் பெரியவர்களின் முகம் சுருங்குவது இயல்பு. படிப்புக் கெடும், பொழுது பாழாகும், தோற்ற அணிக்காகப் பிள்ளை சோறு உண்ணாமல் படுத்துக்கொள்வான் என்றெல்லாம் அவர்கள் அஞ்சுவதில் நியாயம் இல்லாமல் இல்லை. மத்ரஸாவில் ஓதிக்கொடுக்கும் ஒருவனே அத்தகைய பித்துக்கு ஆளானவன் என்றால் நீங்கள் வியப்படையக் கூடும். அதுவும் கிரிக்கெட்டின் மீதன்று. நம்மவர்களில் பெரும்பாலோர் ஒருமுறையேனும் முழுமையாகப் பார்த்திராத பேஸ்பால் ஆட்டத்தின் மீது! அந்தப் பித்து எனக்கு எதைக் கற்றுத் தந்தது என்பதை உங்கள் முன் வைக்கிறேன். அது வீண்தானா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், டெட்ராய்ட் மாநகரம் ஏறத்தாழ நாற்புறமும் சூழ்ந்திருக்க, ஹாம்ட்ராம்க் என்றொரு சிறு நகரம் உண்டு. கார்த் தொழிற்சாலை வேலைக்கு வந்த போலந்து நாட்டவர் ஒரு காலத்தில் அங்கே நிறைந்திருந்தனர்; இன்று யேமன், வங்கதேசக் குடும்பங்கள் மிகுதி. வரலாற்றுப் பாடத்தில் பட்டம் பெற்றபின் ஓதிக்கொடுக்கும் பணியைத் தேர்ந்துகொண்ட நான், 2008ஆம் ஆண்டு அவ்வூர் மத்ரஸா ஒன்றில் வந்து சேர்ந்தேன். அடுத்த வீட்டில் கறுப்பினப் பெரியவர் ஒருவர் தனியே வாழ்ந்து வந்தார். கார்த் தொழிற்சாலையில் உழைத்து ஓய்வு பெற்றவர். கோடைக்கால மாலைகளில் வீட்டுத் திண்ணையில் வானொலியை வைத்துக்கொண்டு டெட்ராய்ட் டைகர்ஸ் அணியின் ஆட்டத்தைக் கேட்பார். மடியில் ஒரு நீண்ட குறிப்பேடு. விரல்களுக்கிடையே ஒரு பென்சில். வசந்தம் தொடங்கி இலையுதிர்காலம் வரையில் ஓர் அணிக்கு ஒரு பருவத்தில் 162 ஆட்டங்கள். அத்தனையையும் அவர் எழுதினார்.

"என்ன எழுதுகிறீர்கள்?" என்று ஒருநாள் வேலிக்கு இப்பாலிருந்து கேட்டேன். "இப்படி வந்து உட்கார் மகனே, சொல்கிறேன்" என்றார்.

களத்தில் நிற்கும் ஒன்பது பேருக்கும் ஒன்பது எண்கள். பந்தெறிபவர் 1, மட்டையாளருக்குப் பின்னே குந்தியிருந்து அப்பந்தைப் பிடிப்பவர் 2, முதல், இரண்டாம், மூன்றாம் தளங்களைக் காப்பவர்கள் முறையே 3, 4, 5, இரண்டாம் தளத்துக்கும் மூன்றாம் தளத்துக்கும் இடையே நிற்பவர் 6, வெளிக்களத்தில் நிற்கும் மூவர் 7, 8, 9. குறிப்பேட்டில் 6-4-3 என்றிருந்தால், ஆறாமவர் பந்தை எடுத்து நான்காமவருக்கு எறிந்தார், அவர் மூன்றாமவருக்கு எறிந்தார், ஓடியவர் இருவரும் ஆட்டமிழந்தனர் என்று பொருள். மூன்று சிறு எண்களுக்குள் ஒரு முழு நிகழ்ச்சியே அடங்கிவிடுகிறது! பத்து ஆண்டுகள் கழித்து அப்பக்கத்தைத் திறந்தாலும் அந்த ஆட்டத்தைத் தொடக்கம் முதல் இறுதிவரை மீண்டும் மனக்கண்ணால் கண்டுவிடலாம்.

இம்முறைக்கு அடித்தளமிட்டவர் ஹென்றி சாட்விக் என்பவர். 1824இல் இங்கிலாந்தில் பிறந்து, சிறு வயதிலேயே அமெரிக்காவில் குடியேறி, பத்திரிகைகளுக்குக் கிரிக்கெட் செய்தி எழுதி வந்தவர். பின்னர் பேஸ்பாலின்பால் மனம் சென்று, 1859ஆம் ஆண்டில் ஆட்டத்தைச் சுருக்கி அட்டவணையாக வெளியிடும் வழக்கத்தைத் தொடங்கிவைத்தார். நாம் அறிந்த கிரிக்கெட் கணக்கேட்டுக்கு இதுவும் ஓர் உறவுதான். ஆனால் ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். பேஸ்பால் திடலின் பெரும்பலகையில் மூன்று கூட்டுத்தொகைகள் காட்டப்படும்: எடுத்த ஓட்டங்கள், அடித்த நல்ல அடிகள், செய்த பிழைகள். எளிதாகப் பிடித்திருக்க வேண்டிய பந்தை ஒருவர் தவறவிட்டால், பல்லாயிரம் பேர் பார்க்க அது பலகையில் ஏறும். பிழைக்கென்றே ஓர் இடம் ஒதுக்கிய ஆட்டம் இது.

தோல்வியோடு இவ்வளவு நெருங்கி வாழும் விளையாட்டும் அரிது. பத்து முறை மட்டை பிடித்து மூன்று முறை வெற்றிகரமாக அடிப்பவர் சிறந்த ஆட்டக்காரர் எனப் போற்றப்படுகிறார். 2003ஆம் ஆண்டில் டைகர்ஸ் அணி 43 ஆட்டங்களில் மட்டுமே வென்று 119இல் தோற்றது. அந்த ஆண்டின் குறிப்பேட்டைப் பெரியவர் எனக்குக் காட்டினார். ஒரு பக்கமும் விடுபடவில்லை, எழுத்தும் கோணவில்லை. "ஜெயித்த நாளை மட்டும் எழுதுகிறவன் ரசிகன் இல்லை, விளம்பரக்காரன்" என்றார். மூன்றே ஆண்டுகளில், 2006இல், அதே அணி இறுதித் தொடரான உலகத் தொடர் வரை சென்றது, அதிலும் தோற்றது. அதையும் அவர் எழுதியிருந்தார்.

நானும் ஒரு குறிப்பேடு வாங்கினேன்.

2010 ஜூன் 2ஆம் நாளை நான் எவ்வாறு மறப்பேன்! டெட்ராய்ட் திடலில் கிளீவ்லாந்து அணியுடன் ஆட்டம். பெரியவர் வீட்டுத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தோம். டைகர்ஸ் அணிக்காகப் பந்தெறிந்தவர் வெனிசுவேலா நாட்டு இளைஞர் அர்மாண்டோ கலராகா. எதிரணியினர் 27 பேரையும், ஒருவரைக்கூட முதல் தளத்தை அடைய விடாமல், வரிசையாக ஆட்டமிழக்கச் செய்தால் அதை 'நிறைவான ஆட்டம்' என்பர். நூறாண்டுக்கும் மேற்பட்ட வரலாற்றில் அதுவரை 20 முறையே நிகழ்ந்த அருஞ்செயல் அது. கலராகா 26 பேரை வெளியேற்றிவிட்டார். இருபத்தேழாமவர் தரையோடு ஓர் அடி அடித்துவிட்டு ஓடினார். மிகெல் கப்ரேரா பந்தை எடுத்து எறிய, முதல் தளத்துக்கு ஓடிவந்த கலராகா அதைப் பிடித்துத் தளத்தை மிதித்தார். ஓடியவர் அதன் பின்னரே வந்து சேர்ந்தார். ஆனால் நடுவர் ஜிம் ஜாய்ஸ் இரு கைகளையும் விரித்து, ஓடியவர் ஆட்டமிழக்கவில்லை என்று தீர்ப்பளித்தார்.

திடலே கொதித்தது. கலராகாவோ புன்னகைத்தார்! திரும்பி நடந்து சென்று, அடுத்தவரை வெளியேற்றி ஆட்டத்தை முடித்தார். ஒளிப்பதிவைப் பார்த்த நடுவர், தாம் தவறிவிட்டதாக வெளிப்படையாக ஒப்புக்கொண்டு, கலராகாவைக் கண்டு கண்ணீரோடு வருத்தம் தெரிவித்தார். மறுநாள் ஆட்டம் தொடங்குமுன் அணியின் பெயர்ப் பட்டியலைக் கொண்டுவந்து அந்த நடுவரின் கையில் கொடுத்தவரும் கலராகாவே. ஜாய்ஸ் கண்களைத் துடைத்துக்கொண்டார். ஆயினும் தீர்ப்பு மாற்றப்படவில்லை. ஏடுகளில் இன்றும் அது நிறைவான ஆட்டமாக இடம்பெறவில்லை. நடுவர் தீர்ப்புகளை ஒளிப்பதிவு கொண்டு சரிபார்க்கும் ஏற்பாடு விரிவாக நடைமுறைக்கு வந்தது 2014இல்தான்.

என் பென்சில் அந்தக் கட்டத்தின்மேல் அப்படியே நின்றுவிட்டது. கண்ணால் கண்டதை எழுதுவதா? நடுவர் சொன்னதை எழுதுவதா? மஃரிப் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. பெரியவரின் குறிப்பேட்டை எட்டிப் பார்த்தேன். கட்டத்துக்குள் எதிரணிக்கு ஒரு நல்ல அடி எனப் பதிந்திருந்தார். பக்கத்தின் ஓரத்தில், '3-1, ஆட்டமிழந்தார், நான் பார்த்தேன்' என்று எழுதிக்கொண்டிருந்தார். "கட்டத்தில் தீர்ப்பு, ஓரத்தில் சாட்சி. ஒன்றுக்காக மற்றொன்றை அழித்துவிடாதே" என்றார்.

அந்த ஓரக்குறிப்பு அவருக்கு ஏன் அவ்வளவு முக்கியம் என்பது சில வாரங்கள் கழித்தே விளங்கியது. எங்கள் தெருக்களிலிருந்து நடந்துபோகும் தொலைவில், பழைய திடலொன்றின் பார்வையாளர் மாடம் துருவேறிக் கிடந்தது. 1930இல் கட்டப்பட்ட ஹாம்ட்ராம்க் திடல் அது. கறுப்பினத்தவரை வெள்ளையர் அணிகள் சேர்த்துக்கொள்ளாத காலத்தில், அவர்கள் தமக்கென்று அமைத்துக்கொண்ட 'நீக்ரோ லீக்' அணிகளுள் ஒன்றான டெட்ராய்ட் ஸ்டார்ஸ் ஆடிய இடம். அவ்வணியின் நட்சத்திரம் டர்க்கி ஸ்டெர்ன்ஸ், கோடையில் பந்தாடிக் குளிர்காலத்தில் கார்த் தொழிற்சாலையில் உழைத்தவர். அதே நகரின் டைகர்ஸ் அணி தன் முதல் கறுப்பின ஆட்டக்காரரைக் களமிறக்கியதோ 1958இல்; புரூக்ளினில் ஜாக்கி ராபின்சன் தடையை உடைத்துப் பதினோராண்டுகள் கழிந்த பின்னர்!

"ஸ்டெர்ன்ஸ் அடித்ததை என் அப்பா இதே இடத்தில் பார்த்தார். பள்ளிக்கூடத்தில் நான் அதைச் சொன்னால், புத்தகத்தில் இல்லையே என்பார்கள்" என்றார் பெரியவர். புத்தகத்தில் இல்லை என்பது மெய்தான். பெரும்பாலான நாளேடுகள் அந்த ஆட்டங்களை அரைகுறையாகவே வெளியிட்டன. பேஸ்பாலின் அதிகாரபூர்வ ஏடுகளோ அவற்றைக் கணக்கிலேயே கொள்ளவில்லை. ஆனால் எங்கோ சிலர் எழுதிக்கொண்டே இருந்தனர். சிகாகோ டிஃபெண்டர், பிட்ஸ்பர்க் கூரியர் போன்ற கறுப்பின மக்களின் வார இதழ்கள் ஆட்ட அட்டவணைகளை அச்சிட்டன. சம்பளம் கருதாத ஆர்வலர் பலர், பல பத்தாண்டுகள் நூலகங்களில் அமர்ந்து அப்பழைய தாள்களைப் புரட்டி, ஒவ்வோர் அடியாக எண்ணிச் சேர்த்தனர். 2020 டிசம்பரில், 1920 முதல் 1948 வரையிலான அந்த லீகுகள் முதல்தர லீகுகளே என ஏற்கப்பட்டன. 2024 மே மாதம் அவற்றின் கணக்குகள் பொது ஏட்டில் சேர்க்கப்பட்டன. அன்று ஜோஷ் கிப்சனின் வாழ்நாள் அடி விகிதமாகிய 0.372, அதுவரை முதலிடத்திலிருந்த டை காபின் 0.367ஐ முந்தியது. ராபின்சன் களமிறங்கியதற்கு மூன்று மாதங்களுக்கு முன், 1947 ஜனவரியில், 35 வயதிலேயே கிப்சன் மறைந்திருந்தார். 1979இல் மறைந்த ஸ்டெர்ன்ஸ் 0.348 என்ற விகிதத்துடன் அப்பட்டியலில் ஆறாமிடம் பெற்றார். சேகரிக்க முடிந்தவை ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு ஆட்டங்களே. எஞ்சியவற்றைக் கண்டவர்கள் போய்விட்டார்கள், எழுதியவர்கள் இல்லை.

அடுத்த வீட்டுப் பெரியவர் 2018ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் காலமானார். பழுதடைந்த திடல் செப்பனிடப்பட்டு 2022இல் மீண்டும் திறக்கப்பட்டதையும், அவருடைய தந்தையின் சொல் ஏடேறியதையும் அவர் காணவில்லை. அந்தச் செய்தி வந்த நாளில் நான் எழுதிய ஆட்டப் பக்கத்தின் ஓரத்தில், 'உங்கள் தந்தை கண்டது மெய்' என்று குறித்துவைத்தேன்.

வகுப்பறையிலும் அவருடைய முறை என்னோடு வந்துவிட்டது. மாணவன் வராவிடில் பதிவேட்டின் கட்டத்தில் வரவில்லை என்றே இடுகிறேன். அதில் சலுகை இல்லை. ஆனால் ஓரத்தில், தாயார் மருத்துவமனையில் இருக்கிறார் என்றோ, தம்பியைப் பார்த்துக்கொள்கிறான் என்றோ எழுதுகிறேன். ஆண்டிறுதியில் பெற்றோரிடம் பேசும்போது கட்டங்களைவிட ஓரங்களே எனக்கு அதிகம் உதவியிருக்கின்றன.

எனவே, நேயர்களே! உங்கள் இல்லத்திலும் விளையாட்டுப் பித்துப் பிடித்த பிள்ளை இருக்கக் கூடும். அது கிரிக்கெட்டாகவோ கால்பந்தாகவோ இருக்கட்டும். அவனைக் கடிந்துகொள்ளுமுன் ஒரு குறிப்பேட்டை வாங்கிக் கொடுத்துப் பாருங்கள். தன் அணியின் பிழையை மறைக்காமல் எழுதச் சொல்லுங்கள். எதிரணியின் நல்ல ஆட்டத்தைக் குறைக்காமல் எழுதச் சொல்லுங்கள். தோற்ற நாளன்றும் பக்கத்தை விடாமல் நிரப்பச் சொல்லுங்கள். ஓரத்தில் கொஞ்சம் இடம் விட்டுவைக்க வேண்டும் என்பதையும் மறவாமல் சொல்லிக்கொடுங்கள்.