உதட்டுக் கொப்புளமும் பச்சிளங் குழந்தையும்

காய்ச்சல் கண்ட நாட்களில் உதட்டோரம் சிறு கொப்புளங்கள் கொத்தாக எழுந்தால், இரவில் ஏதோ பூச்சி ஊர்ந்துவிட்டது என்கிறோம், சுண்ணாம்பைத் தடவுகிறோம். பூச்சிக்கும் இதற்கும் தொடர்பே இல்லை. ஹெர்ப்பிஸ் சிம்ப்ளெக்ஸ் என்னும் வைரஸ் கிருமியே காரணம். பெரும்பாலும் இளம் வயதிலேயே, உற்றார் முத்தத்தின் வழியாக நம் உடலில் புகும் இக்கிருமி, முகத்து நரம்பின் முடிச்சில் ஆயுள் முழுதும் உறங்கிக் கிடக்கிறது. காய்ச்சல், கடும் வெயில், மனக்கவலை ஆகியவை அதனை எழுப்பிவிடுகின்றன. உலகில் 50 வயதுக்குட்பட்டோரில் ஏறத்தாழ மூவரில் இருவரிடம் இது உண்டென்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. கொப்புளம் கண்டவரின் ஒழுக்கத்தை ஐயுறுவோர் இதனை அறிதல் நன்று.

உதடு குறுகுறுத்து எரியத் தொடங்கும்போதே, மருத்துவரைக் கேட்டு அசைக்ளோவிர் களிம்பு இட்டால் புண் சற்று விரைவில் ஆறும். இடாவிடினும் பெரும்பாலும் 10 நாட்களில் தானே ஆறிவிடும். புண்ணைத் தொட்ட விரல் கண்ணில் படலாகாது.

ஆனால், நமக்கு அற்பமான இப்புண், பிறந்து சில வாரங்களேயான சிசுவின் உயிரையே பறிக்கவல்லது. திருமுழுக்கு நாளில் அக்குழந்தையை நாம் எத்தனை பேர் கைமாற்றி முத்தமிடுகிறோம்! ஞானத்தாயே ஆயினும், புண் முற்றும் ஆறும்வரை முத்தமிடாதிருக்கட்டும். குழந்தை பால் குடிக்க மறுத்துச் சோர்ந்தால், காய்ச்சல் இல்லாவிடினும், உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

தாய்க்கே கொப்புளம் வந்தால்? மார்பில் புண் இல்லையேல் தாராளமாகப் பாலூட்டலாம். கைகளைச் சோப்பிட்டுக் கழுவி, வாயைத் துணியால் மூடிக்கொள்ள வேண்டும். முத்தம் மட்டும் சில நாட்கள் காத்திருக்கட்டும்.