கண்ணும் நினைவும்

வீட்டுக்குக் காவல் வேண்டுவோர் முதலில் கண்ணையே தேடுகின்றனர். எந்தக் கேமரா தெளிவாகக் காட்டும், எது இருளிலும் பார்க்கும் என்றே கடையில் வினவுகின்றனர். கண்டதை நினைவில் வைத்திருப்பது எது என்னும் வினா பலருக்கும் தோன்றுவதில்லை. கண்டதை மறந்துவிடும் சாட்சியால் வழக்குக்கு என்ன பயன்?

கிள்ளானில் வரிசை வீடொன்றில் வாழும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் இதனைப் பட்டறிந்தார். அவர் வீட்டு வாசலில் ஒரு கேமரா இருந்தது. அதனுள் நகத்தளவே ஆன நினைவக அட்டை ஒன்று இருந்தது. கைப்பேசியைத் திறந்தால் வாசற்படியும் துளசி மாடமும் தெளிவாகத் தெரியும். ஆகவே எல்லாம் ஒழுங்காக நடப்பதாகவே அவர் நம்பினார். மகள் வீட்டுக்குச் சென்று பத்து நாள் கழித்துத் திரும்பியபோது கம்பிக்கதவின் பூட்டு அறுக்கப்பட்டிருந்தது. மனைவியின் நகைப்பெட்டியைக் காணவில்லை. காவல்துறையினர் பதிவைக் கேட்டனர். அட்டையிலோ மூன்று மாதங்களுக்கு முந்திய காட்சிகளே இருந்தன. ஓயாது எழுதியும் அழித்தும் தேய்ந்த அட்டை, எப்போதோ எழுதுவதை நிறுத்திவிட்டது. கண் விழித்திருந்தது; நினைவு இறந்திருந்தது.

நகை போனதினும் பெரிய துயரம் பின்னரே வந்தது. அந்நாள்களில் புல்வெட்ட வந்து சென்ற இளைஞன்மீது அக்கம்பக்கத்தார் ஐயம் கொண்டனர். அவன் அவ்வாசிரியரிடமே தமிழ் பயின்றவன். பதிவு இருந்திருந்தால் குற்றவாளி அகப்பட்டிருப்பானோ என்னவோ, குற்றமற்றவன் தலைநிமிர்ந்து நடந்திருப்பான். அவன் அத்தெருவுக்கு வருவதையே விட்டுவிட்டான்.

அதன் பின்னரே ஆசிரியர் பதிவைப் பற்றிச் சிந்திக்கலானார். பதிவை வைக்க மூன்று இடங்கள் உண்டு. கேமராவுக்குள் இருக்கும் அட்டை மலிவானது. ஆயினும் கேமராவைப் பிடுங்குபவன் சாட்சியையும் உடன்கொண்டு போகிறான். இணையவழி மேகச் சேமிப்பு திருடன் கைக்கு எட்டாது. ஆனால் பெரும்பாலும் மாதக் கட்டணம் உண்டு, இணையம் அறுந்தால் அனுப்புதலும் நின்றுவிடும். வன்தட்டுடன் கூடிய பதிவுப்பெட்டியை வீட்டிலேயே வைப்பது மூன்றாவது வழி. நான்கு கேமராக்களுக்கு அதுவே ஏற்றது என அவர் முடிவுசெய்தார்.

எவ்வளவு பெரிய வன்தட்டு வேண்டும்? அது எளிய பெருக்கல் கணக்கே. ஒரு கேமரா நொடிக்கு 2 மெகாபிட் அனுப்பினால் ஒரு நாளில் 21.6 கிகாபைட் சேரும், நான்கிற்கு 86.4 கிகாபைட். 1 டெராபைட் வன்தட்டு ஏறத்தாழ பதினொன்றரை நாள்களில் நிறையும். பின்னர்ப் பழைய காட்சியை அழித்துப் புதியது எழுதப்படும். 2 டெராபைட் ஆயின் 23 நாள் தாங்கும். பத்து நாள் வெளியூர் செல்பவருக்குத் திரும்பிவந்து தேடவும் அவகாசம் வேண்டுமன்றோ? ஆதலின் இரண்டாவதையே அவர் தேர்ந்தார். இரவு பகலாக எழுதுவதற்கென்றே செய்யப்பட்ட வகையாகப் பார்த்து வாங்கினார்.

பெட்டியைத் தொலைக்காட்சிக்கு அருகில் வைக்காமல், காற்றோட்டமுள்ள அலமாரியில் பூட்டி வைத்தார். மின்தடை ஏற்பட்டால் சிறிது நேரம் தாங்க மின்கலச் சாதனமும், இடிமின்னலின் மின்னெழுச்சியைத் தடுக்கும் கருவியும் பொருத்தினார். பெட்டியே களவு போனாலும் சாட்சி எஞ்சும்படி, வாசற்கேமராவில் நடமாட்டம் தெரியும் காட்சிகளை மட்டும் மேகச் சேமிப்புக்கும் அனுப்பச் செய்தார். கடிகாரத்தைச் சரிபார்த்தார், நேரம் பிழைத்த பதிவு நம்பிக்கை இழந்த சாட்சியாகும். அண்டை வீட்டார் வாசல் படத்தில் விழாதபடி கேமராவைத் திருப்பினார்.

இப்போது மாதந்தோறும் முதல் நாளன்று, சென்ற வாரத்துக் காட்சி ஒன்றைத் தேடியெடுத்துப் பார்க்கிறார். நேரலையில் படம் தெரிவது பதிவுக்குச் சான்றாகாது என்பது அவர் விலைகொடுத்துக் கற்ற பாடம்.

திருடன் இன்றுவரை அகப்படவில்லை. ஆயினும் கருவிகளைப் பொருத்திய மறுவாரமே ஆசிரியர் அந்த இளைஞனின் வீட்டுக்குத் தாமே சென்று, “புல் வளர்ந்துவிட்டதப்பா, எப்போது வருகிறாய்?” என்று கேட்டார். மாணவனை நம்புவதற்கு அவருக்கு எந்தப் பதிவும் தேவைப்படவில்லை. ஊராரை நம்பவைப்பதற்குத்தான் அது தேவைப்பட்டது, அது இல்லாமற்போயிற்று.