முகவரி இல்லாத காமா கதிர்கள்

2008 ஜூன் மாதம் நாசா ஃபெர்மி விண்கலத்தை ஏவியது. அதன் முக்கிய வேலை, வானம் முழுக்க காமா கதிர் எங்கிருந்தெல்லாம் வருகிறது என்று பார்ப்பது. முதல் 11 மாதக் கணக்கில் 1451 புள்ளிகள் தேறின. அதில் 630 புள்ளிகளுக்குச் சொந்தக்காரர் யார் என்றே தெரியவில்லை!

காரணம் இதுதான். காமா கதிரை சாதாரணக் கண்ணாடி வைத்துக் குவிக்க முடியாது. அது கருவிக்குள் நுழைந்து எலெக்ட்ரான், பாசிட்ரான் ஜோடியாக மாறும். அந்த ஜோடி போன தடத்தை வைத்துத்தான் திசையைக் கணிக்க வேண்டும். தெருப் பெயர் கிடைக்கும், கதவு எண் கிடைக்காது. அந்த வட்டத்துக்குள் நட்சத்திரங்கள், காலக்ஸிகள் என்று பல இருக்கும். அதில் எது?

பெயர் தெரிந்தவற்றில் பெரும்பாலானவை பிளாசர்கள். காலக்ஸியின் நடுவே ஒரு ராட்சதக் கருந்துளை. அதன் அருகிலிருந்து ஏறக்குறைய ஒளிவேகத்தில் பீய்ச்சியடிக்கும் தாரை. அது பூமியை நோக்கித் திரும்பியிருந்தால் பிளாசர்.

துப்பு கிடைத்தது அகச்சிவப்பில். 2009 டிசம்பரில் கிளம்பிய வைஸ் விண்கலம் 3.4, 4.6, 12, 22 மைக்ரான் என நான்கு அலைநீளங்களில் வானத்தைப் படம் பிடித்தது. 2011-ல் ஃபிரான்செஸ்கோ மசாரோ, ரஃபேலே டி'அப்ருஸ்கோ குழுவினர் அந்த 'நிறங்களை' வரைபடத்தில் போட்டுப் பார்த்தார்கள். காமா கதிர் வீசும் பிளாசர்கள் மட்டும் தனியாக, ஒரு குறுகிய பட்டையில் வரிசை கட்டி நின்றன.

ஏன் அப்படி? நட்சத்திரமும் தூசியும் சூட்டினால் ஒளிர்பவை. பிளாசரின் அகச்சிவப்போ, தாரையின் காந்தப்புலத்தில் சுழலும் எலெக்ட்ரான்களின் வேலை. அதே எலெக்ட்ரான்கள் ஒளித்துகள்களோடு மோதி அவற்றுக்கு ஆற்றலை ஏற்றிவிடும்போது காமா கதிர் பிறக்கிறது என்பது பரவலான விளக்கம். ஊற்று ஒன்று, ஒளி இரண்டு.

பிறகென்ன, ஃபெர்மி காட்டிய வட்டத்துக்குள் இந்த நிறமுள்ள புள்ளியைத் தேட வேண்டும். கிடைத்தால் பெரிய தொலைநோக்கியில் நிறமாலை எடுத்து உறுதி செய்ய வேண்டும். இப்படிப் பல புள்ளிகளுக்கு முகவரி கிடைத்தது.

இதில் யோசிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. 12, 22 மைக்ரான் கருவிகளுக்கு உறைந்த ஹைட்ரஜனின் குளிர்ச்சி வேண்டும். 2010 செப்டம்பர் முடிவதற்குள் அது தீர்ந்துபோனது. 2013-ல் வைஸை மறுபடி எழுப்பினார்கள். 2024 வரை விண்கற்களைத் தேடியது. ஆனால் 3.4, 4.6 மைக்ரான் மட்டும்தான் மிச்சம். 12 மைக்ரான் இல்லாமல் அந்தப் பட்டை இல்லை. ஆக, அத்தனை முகவரிகளும் ஒரு வருடம்கூட நிறையாத காலத்தில் எடுத்த படங்களிலிருந்து வந்தவை. யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம் என்று அந்தப் படங்களைப் பொதுவில் வைத்தார்களே, அதனால் வந்தவை!