ஆயுதத்தின் நியாயம்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் போல, மேசையைச் சுற்றி அமர்ந்து பகடை உருட்டி ஆடும் கதைவிளையாட்டுகளில் விசித்திரமான ஆயுதம் ஒன்று வந்தால், ‘இப்படி ஒன்று நிஜத்தில் இருந்ததா?’ என்றுதான் முதலில் கேட்கிறோம். அந்தக் கேள்வி மட்டும் போதாது. இருந்த ஆயுதத்தைப் பொய்யாக்கிவிடவும் முடியும், இல்லாத ஆயுதத்தை நம்பவைக்கவும் முடியும். எந்த ஆயுதமும் ஒரு தேவையிலிருந்து பிறக்கிறது. எந்த இடத்தில், எப்படிப்பட்ட எதிரிமீது, எவ்வளவு பழகிய கை அதை வீசப்போகிறது என்பதற்கேற்பவே அதன் நீளமும் எடையும் வளைவும் அமைகின்றன. அந்தத் தேவையை விளையாட்டின் விதிகள் மதிக்கின்றனவா என்பதே மெய்ம்மைக்கு உரைகல் என்று கருதுகிறேன்.

2000இல் வெளிவந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் மூன்றாம் பதிப்பு ஆயுதங்களை எளியவை, போர்வீரருக்குரியவை, அரியவை என மூன்றாகப் பிரித்தது. அரியவற்றைக் கையாளத் தனித்திறன் பெற வேண்டும். இல்லாவிட்டால் தாக்கும்போது பகடை எண்ணில் நான்கு குறையும். 2003இல் வந்த திருத்தப் பதிப்பின் பட்டியலில் அரிவாள் எளிய ஆயுதம். ஒக்கினாவா உழவர்களின் அரிவாளான காமா அரிய ஆயுதம். இரண்டும் வயலில் பிறந்தவை, இரண்டுக்கும் எடை ஒன்றே, சேதத்துக்கு உருட்டும் ஆறுமுகப் பகடையும் ஒன்றே. ஆக, பட்டியல் இங்கே அளந்தது பழகுவதில் உள்ள கடினத்தை அல்ல, ஐரோப்பாவிலிருந்து உள்ள தூரத்தை. அதே பட்டியலில் முள்சங்கிலி என்றோர் ஆயுதம் உண்டு. பத்தடி தள்ளி நிற்பவனையும் அருகில் நிற்பவனையும் அது ஒன்றுபோலத் தாக்கும். அவ்வளவு நீளமான சங்கிலி சுழல வெற்றிடம் வேண்டும். தோளோடு தோள் நிற்கும் தோழனுக்கும் அது ஆபத்து. விதிகள் இதை எண்ணவேயில்லை. ஆதாயத்தை முழுதாகக் கொடுத்துவிட்டு, அதற்குரிய விலையைக் கேட்க மறந்ததால்தான் அந்தச் சங்கிலி பொய்யாகத் தெரிகிறது.

கற்பனையை மிஞ்சும் நிஜ ஆயுதங்கள் நம் பக்கத்திலேயே இருக்கின்றன. களரியில் உருமி என்றும் சிலம்பத்தில் சுருள்வாள் என்றும் வழங்கும் வாளை இடுப்பில் கச்சையாகச் சுற்றிக்கொள்ளலாம். வீசுபவரையே வெட்டிவிடக்கூடியது என்பதால் களரியில் அதைக் கடைசியாகக் கற்பிக்கிறார்கள். பலர் சூழ்ந்துகொண்ட திறந்தவெளியில் அதன் சுழற்சியே அரண். குறுகிய சுரங்கப்பாதையில் அது சுமை. இரும்புக் கவசத்தின்மேல் அதன் மெல்லிய தகடு பெரிதாக எதுவும் செய்யாது. இவற்றையெல்லாம் விட்டுவிட்டு அதை இன்னொரு வாளாக மட்டும் எழுதினால், நூற்றுக்கு நூறு உண்மையான ஆயுதமும் பொம்மையாகிவிடும். கட்டாரியின் இனத்தைச் சேர்ந்த குத்துவாள் இதற்கு மாறான உதாரணம். குறுக்குப்பிடியை முஷ்டியால் பற்றி, முன்கையின் நேர்கோட்டில் பாயும் குத்து அது. அந்தப் பட்டியல் அதை எளிய ஆயுதமாக வைத்து, சாதாரணக் குத்துக்குச் சிறு சேதமும் சரியான இடத்தில் இறங்கினால் மும்மடங்கும் தந்தது. ஆயுதத்தின் இயல்பைச் சொல்ல அந்த ஒரே விதி போதுமாயிருந்தது.

டிராகன் பறக்கும் உலகில் சங்கிலியின் சுழற்சிக்குக் கணக்குப் பார்ப்பது வீண் என்று சிலர் சொல்லக்கூடும். நான் உடன்பட மாட்டேன். டிராகன் பறப்பதால் கல் கீழே விழாமல் போவதில்லை. மாயம் எதை மாற்றியது என்று சொல்லப்படாத இடமெல்லாம் நாம் அறிந்த உலகமாகவே நிற்கிறது. அந்த உறுதியை நம்பித்தான் ஆடுபவர் திட்டமிடுகிறார். விதிகள் பெருகினால் ஆட்டம் ஊர்ந்து செல்லும் என்பது இதைவிட வலுவான மறுப்பு. 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பு அரிய ஆயுதம் என்ற வகையையே கைவிட்டது; அரிவாளுக்கும் காமாவுக்கும் இடையே இருந்த அநீதி அதனால் தீர்ந்தது, வரவேற்கிறேன். ஆனால் நான் கேட்பது விதிகளின் பெருக்கத்தை அல்ல. ஆயுதம் ஒவ்வொன்றுக்கும் அது சிறக்கும் சூழல் ஒன்று, தடுமாறும் சூழல் ஒன்று என்று இரண்டு வரி எழுதிவைத்தால், ஆட்டத்தை நடத்துபவர் மீதியை மேசையிலேயே தீர்மானித்துக்கொள்வார்.

பிடியின் இருபுறமும் அலகு நீளும் இருமுனை வாளேந்திய வீரன் பார்க்க அழகாக இருக்கிறான், அந்த அழகே போதாதா என்ற கேள்வியும் நியாயமானதே. அழகு வேண்டும்தான். கூடவே, அப்படியொரு வாளை எந்த மக்கள், எந்த எதிரிக்காக, எந்த மண்ணில் உருவாக்கினார்கள் என்று கதை சொல்லிவிட்டால், இல்லாத வாளும் தன் காலில் நிற்கும். மெய்ம்மை கற்பனையின் கையைக் கட்டுவதில்லை. ஆயுதத்துக்கு ஒரு காரணம் கேட்கிறது. அந்தக் காரணத்தைத் தேடும்போதுதான் அதை ஏந்திய மக்களும் கதைக்குள் வருகிறார்கள்.