வாயில்லா ஜீவனும் சீட்டுப் பணமும்

காசை எண்ணிச் செலவிடும் குடும்பங்களில் நாய்க்கென்று தனிக் கணக்கு எழுதும் வழக்கமில்லை. எங்கள் இல்லத்திலும் அப்படித்தான். மிஞ்சிய சோற்றை இட்டால் போதும், அது தானே வளர்ந்து வாசலைக் காக்கும் என்று எண்ணியிருந்தோம். அந்த எண்ணம் தவறு என்பதைத் துன்பப்பட்டே கற்றோம்.

எங்களிடம் வந்த முதல் குட்டிக்கு மணி என்று பெயர். இரண்டாம் மாதத்தில் அதற்கு வாந்தியும் பேதியும் கண்டன. கெட்டுப்போன எதையோ தின்றிருக்கும் என்று ஓமநீர் புகட்டினோம். மூன்றாம் நாள் விடியுமுன் இறந்துவிட்டது. கொல்லையில் புதைத்தோம். பிள்ளைகளைத் தேற்றினோம், பின்னர் மறந்தும் போனோம்.

ஐந்து மாதங்களுக்குப்பின் இளைய மகன் வேறொரு குட்டியைத் தூக்கி வந்தான். அதற்கும் மணி என்றே பெயரிட்டான். இரண்டு வாரம் செல்லுமுன் அதே வாந்தி, அதே பேதி. இம்முறை இரத்தமும் கலந்திருந்தது. ஓமத்தைத் தேடிய எங்களை மகன் தடுத்தான். "வேண்டாம் அப்பா, போன தடவையும் இதைத்தானே கொடுத்தீர்கள்?" என்றான். அச்சொல் எங்களைக் கால்நடை மருத்துவரிடம் விரட்டியது.

மருத்துவர் முதலில் கேட்ட கேள்வி இது: "இதற்குமுன் உங்கள் வீட்டில் குட்டி ஏதேனும் இறந்ததா?" நாங்கள் திகைத்தோம். அவர் விளக்கினார். இந்நோயின் பெயர் பார்வோ. 1978-ஆம் ஆண்டில் நாய்களிடம் கண்டறியப்பட்டு, உலகெங்கும் விரைந்து பரவியது. இக்கிருமி குடலின் உட்புறத்தை அழிக்கிறது. உடலின் நீர் பேதியாகவும் வாந்தியாகவும் வெளியேறிவிடுகிறது. இறந்த குட்டியின் கழிவிலிருந்து மண்ணில் தங்கும் கிருமி, மாதக்கணக்கில் அங்கேயே உயிர்த்திருக்கும். எங்கள் அறியாமைதான் இரண்டாவது குட்டிக்கு நோயை வைத்துவிட்டுப் போயிருந்தது!

ஐந்து நாள் சலைனும் ஊசிகளும் சேர்த்து ஏழாயிரம் ரூபாய் ஆகும் என்றார். வீட்டில் இருந்தது அடுப்பங்கரைக் கூரையை மழைக்கு முன் மாற்றுவதற்காக எடுத்த சீட்டுப் பணம். "மனிதருக்கு மருந்து வாங்கவே திண்டாடும் வீட்டில் நாய்க்கு ஏழாயிரமா?" என்று எங்கள் அன்னையார் கேட்டார்கள். அதில் நியாயமில்லை என்று எங்களால் சொல்ல இயலவில்லை. மகனோ ஒன்றும் பேசாமல் குட்டியின் அருகிலேயே அமர்ந்திருந்தான்.

மறுநாள் மருத்துவரிடம் எங்கள் நிலையை ஒளிக்காமல் கூறினோம். அவர் முகம் சுளிக்கவில்லை. "அரசு கால்நடை மருத்துவமனையில் சலைன் ஏற்றிக்கொள்ளுங்கள். அங்கே இல்லாத மருந்தை மட்டும் வெளியில் வாங்குங்கள்" என்று வழிகாட்டினார். முடிவில் இரண்டாயிரத்து அறுநூறு ரூபாய் செலவாயிற்று. ஐந்தாம் நாள் மணி தலை நிமிர்த்தியது. அன்று குழைந்த சோற்றில் வேகவைத்த கோழி இறைச்சியைப் பிசைந்து, சிறிது சிறிதாக ஊட்டியவர்கள் எங்கள் அன்னையார்தாம். கூரையில் பாதியை மட்டுமே மாற்ற முடிந்தது. மழை நாளில் இன்றும் ஒரு பாத்திரம் வைக்கிறோம்.

வாசக அன்பர்களே, தடுப்பூசி போட்டிருந்தால் சில நூறு ரூபாயோடு போயிருக்கும். முதல் ஊசியைக் குட்டியின் 6 முதல் 8 வார வயதில் போட வேண்டும்; பின்னர் 16 வாரம் நிறையும்வரை மூன்று, நான்கு வார இடைவெளியில் மீண்டும் போட வேண்டும். வெங்காயம், திராட்சை, சாக்லேட் ஆகியவை நாய்க்கு நஞ்சு. பண்டிகை நாளில் நாம் அன்போடு எறியும் வெந்த எலும்பு சிராய்களாக உடைந்து குடலைக் கிழிக்கக்கூடும். பூனைக்குக் காய்ச்சல் என்று பாராசிட்டமால் கொடுத்தால் அது உயிரையே மாய்க்கும். பூனை இரண்டு நாள் உண்ணாதிருந்தால் கல்லீரலுக்கே கேடு வரலாம், தாமதிக்கலாகாது.

இப்போது எங்கள் அலமாரியில் ஒரு தகர டப்பா இருக்கிறது. வாரம் இருபது ரூபாய் அதில் விழுகிறது. மணியின் அடுத்த ஊசிக்கான பணம் அது. ஒரு ஜீவனை வீட்டிற்குள் அழைக்கும் நாளிலேயே அதன் நோய்க்கும் ஒரு சிறு தொகை ஒதுக்கிவிடுவது நல்லது. பிள்ளையின் கண்ணீருக்கும் கூரையின் ஓட்டைக்கும் இடையே நின்று தவிக்கும் நிலை, அதனால் பல இல்லங்களுக்கு வராமற்போகும்.