எல்லாம் பண்ணைக் குஞ்சு

என் வீட்டுக் கடல்நீர்த் தொட்டியைப் பார்க்க வருகிறவர்களிடம், அவர்கள் கேட்டாலும் கேட்காவிட்டாலும், ஒன்றைச் சொல்லிவிடுவேன்: “இதுல ஒண்ணுகூட கடல்ல பிடிச்சது இல்லீங்க. எல்லாம் பண்ணைக் குஞ்சு.” சில மாதங்கள் அது பொய்யாக இருந்தது. பொய் என்று தெரிந்தேதான் சொன்னேன். தெரியாமல் சொல்லிவிட்டதாக இரண்டு பேரிடம் சமாளித்திருக்கிறேன், அதையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம்.

கொளத்தூர்ப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். அங்கே கண்ணாடித் தொட்டியிலும் பாலிதீன் பையிலும் மின்னுகிற கப்பி, மோலி, ஏஞ்சல், ஃபைட்டர் எல்லாம் சுற்றுவட்டாரத்தில் யாரோ சிமென்ட் தொட்டியில் பொரிக்கவைத்து வளர்த்தவை. நன்னீர் அலங்கார மீன்களில் பெரும்பாலானவை பண்ணையில் பிறக்கின்றன. கடல் மீன் அப்படியில்லை. கடைக்கு வருவதில் பெரும்பகுதி இன்னமும் பவளப்பாறையிலிருந்து பிடித்து வருவதுதான். பிலிப்பைன்ஸில் 1960-களிலேயே பாறை இடுக்கில் சயனைடு கரைசலைப் பீய்ச்சி, மயங்கிய மீனை அள்ளும் பழக்கம் வந்துவிட்டது. மீன் தப்பிப் பிழைத்தாலும் பக்கத்துப் பவளம் செத்துப்போகும். இதையெல்லாம் படித்துவிட்டுத்தான், பண்ணையில் பிறந்ததைத் தவிர வேறெதையும் வாங்குவதில்லை என்று முடிவு செய்தேன். அந்த முடிவில் எனக்குக் கர்வம் இருந்தது. மீன் வாங்குவதற்கு முன்பே கர்வம் வந்துவிட்டது.

திட்டம் நன்றாகத்தான் போட்டேன். நாலடி நீளம், இரண்டடி அகலம், ஓரடி உயரம். விளிம்புவரை நிரப்பினால் சுமார் 226 லிட்டர். தண்ணீரின் அழுத்தம் ஆழத்தைப் பொறுத்தது என்பதால் ஆழமில்லாத தொட்டிக்குக் கண்ணாடி அவ்வளவு தடிமனாக வேண்டாம். வெளிச்சம் அடிவரை இறங்கும். மேற்பரப்பு அகலமாக இருப்பதால் காற்று நன்றாகக் கலக்கும். மேலிருந்து குனிந்து பார்த்தால் வற்றத்தில் பாறைத்திட்டைப் பார்க்கிற மாதிரி இருக்கும், அந்த ஆசைதான் முக்கியக் காரணம்.

தொல்லையும் அதே அகலத்தால்தான். சென்னை வெயிலில் மின்விசிறி வைத்துக் குளிரவைத்தால் தண்ணீர் மளமளவென்று ஆவியாகும். மட்டம் ஒரு சென்டிமீட்டர் இறங்கினால் ஏறக்குறைய ஏழரை லிட்டர் போயிற்று என்று அர்த்தம். உப்பு போகாது, அங்கேயே தங்கிவிடும். லிட்டருக்கு 35 கிராம் அளவில் நிற்கவேண்டிய உப்பு ஏறிக்கொண்டே போகும். அதனால் ஆவியானதை உப்புத் தண்ணீரால் ஈடுகட்டக் கூடாது, ஆர்.ஓ. தண்ணீர்தான் ஊற்றவேண்டும். இந்த ஒரு விஷயத்தில் நான் சுத்தம். ஊருக்குப் போனால்கூட மேல்வீட்டுப் பையனிடம் கேனைக் காட்டிவிட்டுத்தான் போவேன். மீன் துள்ளி வெளியே விழாமல் வலைமூடி போட்டேன். பாறைக்குக் கடல் பாறை வேண்டாம் என்று செராமிக் கல் வாங்கினேன். நம் நாட்டில் 2001 முதல் கல்பவளங்கள் எல்லாம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன, மன்னார் வளைகுடாவிலிருந்து ஒரு துண்டு உடைத்து வந்தாலும் குற்றம். ஆகவே ஜோவாந்திட், மஷ்ரூம் மாதிரி மென்னுடல் வகைகள் மட்டும், அதுவும் நண்பர்களின் தொட்டியில் பெருகியதை வெட்டி ஒட்டிய துண்டுகள்.

மீன் பட்டியல் சின்னது. கோமாளி மீன் ஒரு ஜோடி, கிடைத்தால் நியான் கோபி, கிடைத்தால் பங்காய் கார்டினல். பட்டியலுக்குக் கீழே என் கையெழுத்திலேயே, அடிக்கோடிட்டு, “மாண்டரின் கூடவே கூடாது” என்று எழுதியிருந்தேன். காரணமும் எழுதியிருந்தேன். மாண்டரின் நாள் முழுக்கப் பாறையைக் கொத்திக்கொண்டே இருக்கும் மீன். கோப்பிபாட் என்கிற, கண்ணுக்குப் புள்ளியாகத் தெரியும் உயிர்தான் அதன் சாப்பாடு. அது போதுமான அளவு ஊற, நிறையப் பாறையும் வயதான தொட்டியும் வேண்டும். என் தொட்டியிலோ அழகுக்காகப் பாறையைத் தாழ்வாக, கொஞ்சமாக வைத்திருந்தேன். பட்டினி போடுவதற்கென்றே கட்டிய தொட்டி என்றுகூடச் சொல்லலாம்.

கோமாளி ஜோடி வந்து, எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோது ஒருநாள் வேறெதற்கோ ஒரு கடைக்குப் போனேன். மூலைத்தொட்டியில் அது இருந்தது. சுண்டுவிரல் நீளம். நீலத்தில் ஆரஞ்சு அலை, கன்னத்தில் பச்சை. மற்ற மீன்களின் நீலம் பெரும்பாலும் ஒளி சிதறுவதால் வரும் தோற்றம், இதன் தோலில் இருப்பது நிஜமான நீல நிறமி. நீந்துகிறதா நடக்கிறதா என்று சொல்லமுடியாதபடி வயிற்றுத் துடுப்பை ஊன்றி ஊன்றி நகர்ந்தது. முதுகில் நீண்ட முள் தூக்கி நின்றது, ஆண்.

மேற்குப் பசிபிக் மீன். நம் கரையில் கிடையாது. வெளிநாடுகளில் பண்ணையில் பொரித்து, தீனி பழக்கிய மாண்டரின் கிடைக்கிறது, ஆனால் அதை விற்கிற கடைக்காரர் அந்தப் பெருமையை ஒட்டிவைக்காமல் விடமாட்டார். இங்கே எதுவும் ஒட்டியிருக்கவில்லை. “எங்கிருந்து வந்தது?” என்று கேட்டிருக்கவேண்டும். கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும். “சாப்பிடுதா?” என்று மட்டும் கேட்டேன். “நல்லா சாப்பிடுது சார்” என்றார். எல்லாக் கடையிலும் எல்லா மீனும் நன்றாகத்தான் சாப்பிடும்.

முதல் சில வாரங்கள் கொத்திக்கொண்டே இருந்தது. தொட்டியில் இருந்த கோப்பிபாட்டை அது தின்று தீர்த்துக்கொண்டிருந்தது என்பது பிறகுதான் உறைத்தது. உறைந்த மைசிஸ் இறாலைக் குழாயில் உறிஞ்சி அதன் மூக்குக்கு நேராக விட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு துண்டும் வாயை உரசிக்கொண்டு இறங்கும். அது கண்ணை உருட்டிப் பார்த்துவிட்டுப் பக்கத்துக் கல்லைக் கொத்தும், கல்லில் ஒன்றும் இருக்காது. பக்கவாட்டில் பார்த்தால் நிறம் குறையவே இல்லை. மேலிருந்து பார்க்கும்போதுதான் தெரிந்தது: தலை மட்டும் பெரிதாக, தலைக்குப் பின்னால் உடம்பு இருபுறமும் குழிந்து, நடுவில் முதுகெலும்பு வரப்பாக எழும்பி நின்றது. மேலிருந்து பார்த்து ரசிக்க ஆழமில்லாத தொட்டி கட்டியவன் நான், காட்சி தெளிவாகவே கிடைத்தது.

அந்த நிலையில் அது இருக்கும்போதுதான், சொந்தமாகத் தொட்டி வைக்க நினைத்த ஓர் இளைஞன் வந்தான். கல்லூரி முடித்து முதல் சம்பளம் வாங்கியவன். நோட்டுப்புத்தகத்தோடு வந்து உப்பு அளவு, அம்மோனியா, நைட்ரைட் எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டான். மீனே இல்லாமல் தொட்டியை வாரக்கணக்கில் ஓட்டி நுண்ணுயிரிகளை வளரவிடவேண்டும் என்று நானும் பொறுமையைப் பற்றி நீளமாகப் பேசினேன். மாண்டரினைக் காட்டி, “இதுவுமா சார் பண்ணை?” என்றான். “எல்லாமே” என்றேன்.

சில வாரம் கழித்து அவன் போன் செய்தான். “சார், மாண்டரின் வாங்கிட்டேன். நீங்க சொன்ன மாதிரியே பண்ணைக் குஞ்சுதான்னு கடையில சொன்னாங்க. ஆனா எது போட்டாலும் சாப்பிட மாட்டேங்குது.” அந்த நேரத்தில் என் மாண்டரின் செத்து, ரோஜாத் தொட்டியில் புதைத்தாகிவிட்டது. சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் இருந்திருக்காது. நான், “உயிரோட ஆர்டீமியா போட்டுப் பாருங்க தம்பி, பழகிடும்” என்று சொல்லி, வாசலில் ஆள் வந்திருப்பதாகப் போனை வைத்துவிட்டேன். ஆள் யாரும் வரவில்லை. அவன் பிறகு கூப்பிடவில்லை, நானும் கூப்பிடவில்லை.

மீனை வாங்கியதை ஆசை என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். அந்தப் போனுக்கு அப்படி ஒரு பெயர் எனக்குக் கிடைக்கவில்லை. அவனிடம் உண்மையைச் சொன்னால் ஒரு மீன் பிழைத்திருக்குமா என்பது இருக்கட்டும். கடைக்காரர் சொன்னதை அவன் நம்பியதற்கு என் வாய்தான் காரணம், அது எனக்கு அப்போதே தெரியும். அவன் கண்ணில் என் தொட்டி கறைபடுவதை என்னால் தாங்கமுடியவில்லை, அவ்வளவுதான்.

இன்று வருகிறவர்களிடமும் அதே வாக்கியத்தைத்தான் சொல்கிறேன். இப்போது அது உண்மை. நான் திருந்தி உண்மையாகவில்லை, மாண்டரின் செத்ததால் உண்மையானது.

இதற்கிடையில் கோமாளி ஜோடி முட்டையிட ஆரம்பித்துவிட்டது. ஒரு செராமிக் கல்லின் சரிவில் ஆரஞ்சுப் புள்ளிகளாக ஒட்டவைக்கிறது, ஆண் மீன் துடுப்பால் விசிறிக்கொண்டே காவல் நிற்கிறது. ஒரு வாரம் போல ஆனதும் விளக்கணைந்த பிறகு பொரிகின்றன. மண்டபம் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்திலும் பரங்கிப்பேட்டைக் கடல் உயிரியல் மையத்திலும் இந்தக் குஞ்சுகளை வளர்த்தெடுக்கும் முறையைப் பல வருஷமாகச் செய்து காட்டியிருக்கிறார்கள். பொரிந்தவுடன் தனித்தொட்டிக்கு மாற்றவேண்டும். முதல் நாட்களுக்கு ரோட்டிஃபர் என்கிற நுண்ணுயிர், பிறகு பொரித்த ஆர்டீமியா, வெள்ளைப் பட்டை விழும்வரை ஒருவேளைகூடத் தவறாமல். பண்ணைக் குஞ்சு என்று நான் வாயாரச் சொல்வது யாரோ தூக்கம் கெட்டுச் செய்த அந்த வேலையைத்தான். ரோட்டிஃபர் வளர்க்க ஒரு வாளி, பச்சைப்பாசித் தண்ணீர், காற்று பம்ப் போதும். வாளியும் பம்பும் பரணில் கிடக்கின்றன. ஒவ்வொரு தடவையும் பொரிந்த குஞ்சுகள் வழிந்து, தண்ணீரை வடிகட்டும் தொட்டியான சம்ப்புக்குள் போகின்றன. அங்கே ஃபில்டர் துணி இருக்கிறது. காலையில் அதைக் கழற்றிக் குழாயடியில் அலசிவிட்டு மறுபடி மாட்டுகிறேன்.